லாரி டிஸ்க் பிரேக்: கைடு பின் ஹவுசிங் என்ன வேலை செய்கிறது, ஏன் ஜாம் ஆகிறது?

ஒரே சக்கரத்திலிருந்து கழற்றிய இரண்டு பிரேக் பேட்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உள்பக்கத்து பேட் இரும்புத் தகடு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருக்கிறது. வெளிப்பக்கத்து பேட்டில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. பட்டறையில் உடனே எழும் பேச்சு, "பேட் மட்டமான சரக்கு". ஒரே பெட்டியில் வந்த பேட்களில் ஒன்று மட்டும் மட்டமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் கோளாறு காலிப்பரில், அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் பேட்களை அழுத்தும் கவ்வியில், உள்ள இரண்டு துளைகளில் இருக்கும். அந்தத் துளைகள்தான் கைடு பின் ஹவுசிங். புது பேட் போட்டு வண்டியை அனுப்பிவிட்டால் அடுத்த செட்டும் அதே மாதிரிதான் தேயும்.

நம் ஊர்ச் சாலையில் ஓடும் லாரிகளில் இன்னும் டிரம் பிரேக்தான் அதிகம். வால்வோ, ஸ்கேனியா போன்ற நெடுந்தூரப் பேருந்துகளிலும், ஐரோப்பிய வகை டிரெய்லர் இழுக்கும் லாரிகளிலும் (டிராக்டர்), டிரெய்லர்களிலும் காற்றழுத்த டிஸ்க் பிரேக் இருக்கிறது. நார்-பிரெம்ஸே, வாப்கோ, மெரிட்டர், ஹால்டெக்ஸ் என்று தயாரிப்பாளர்கள் பலர். வடிவம் கொஞ்சம் கொஞ்சம் மாறினாலும் அடிப்படை ஒன்றே. இங்கே தரும் அளவுகள் 22.5 அங்குல வீலுக்கான நார்-பிரெம்ஸே வகை பிரேக்குக்கு உரியவை. பென்டிக்ஸ் பெயரில் அமெரிக்காவில் விற்பதும் இதே குடும்பம்தான். வேறு கம்பெனி காலிப்பர் என்றால் அதன் கையேட்டில் உள்ள அளவைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

காலிப்பர் ஏன் நகர வேண்டும்?

வெல்டிங் பட்டறையில் இருக்கும் சி-கிளாம்பை நினைத்துக்கொள்ளுங்கள். திருகு ஒரு பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் இரண்டு தாடையும் ஒரே பலத்தில் கவ்வுகின்றன. திருகு ஒரு பக்கம் முட்டியதும் கிளாம்பின் உடம்பு பின்னால் நகர்ந்து எதிர்ப்பக்கத்துத் தாடையை இழுத்துக்கொண்டு வருவதால்தான் அது நடக்கிறது. கிளாம்பின் உடம்பை எங்காவது அசையாமல் கட்டிவிட்டால் திருகு ஒரு பக்கம் மட்டும் தள்ளும், எதிர்ப்பக்கம் சும்மா நிற்கும்.

லாரியின் மிதக்கும் காலிப்பரும் அப்படித்தான். காற்றழுத்தத்தால் தள்ளுகோலைத் தள்ளும் ஏர் சேம்பர், லீவர், பேட்டைத் தள்ளும் டேப்பட்டுகள் எல்லாம் வண்டியின் உள்பக்கத்தில் இருக்கின்றன. பிரேக் மிதித்ததும் உள்பக்கத்து பேட் முதலில் டிஸ்க்கைத் தொடும். அதற்குமேல் தள்ள இடமில்லாததால் காலிப்பர் முழுதும் உள்பக்கமாக நகர்ந்து, வெளிப்பக்கத்து பேட்டை டிஸ்க் மேல் இழுத்து அழுத்தும்.

விசை எவ்வளவு என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். டைப் 24 சேம்பரின் பரப்பு 24 சதுர அங்குலம், அதாவது சுமார் 155 சதுர சென்டிமீட்டர். 6 பார் காற்று கொடுத்தால் தள்ளுகோலில் கிட்டத்தட்ட 950 கிலோ விசை கிடைக்கும். உள்ளே இருக்கும் லீவர் அதைச் சுமார் 15 மடங்காக்கும். ஆக பேட் மேல் ஏறுவது 14 டன் அளவு. அவ்வளவு விசை இருக்கும்போது கொஞ்சம் துருவையும் தள்ளிக்கொண்டு காலிப்பர் நகர்ந்துவிடாதா என்று கேட்கலாம். முழு பிரேக் போட்டால் நகரத்தான் செய்யும். ஆனால் நெடுஞ்சாலையில் போடும் பிரேக்கில் பெரும்பகுதி லேசாக மிதிப்பதுதான். 1 பார், 2 பார் அழுத்தத்தில் ஜாம் ஆன பின்னின் எதிர்ப்பு பெரிய பங்கைத் தின்றுவிடும். அதைவிட மோசம், பிரேக்கை விட்ட பிறகு காலிப்பரைப் பின்னுக்குத் தள்ள அந்த 14 டன் இருக்காது. டிஸ்க்கின் சுழற்சியும் அதிர்வும் லேசாகத் தட்டிவிடுவதுதான் அப்போது உதவி. அதனால் ஜாம் ஆன காலிப்பர் பிரேக் போடும்போது செய்யும் கெடுதலை விட, பிரேக்கை விடும்போது செய்யும் கெடுதல் அதிகம்.

ஹவுசிங்கில் என்னென்ன இருக்கின்றன?

ஆக்சிலோடு போல்ட் போட்டு இறுக்கிய வார்ப்பிரும்புச் சட்டத்துக்குப் பெயர் கேரியர். இரண்டு பேட்களும் கேரியரின் தோள்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருக்கும். கேரியரிலிருந்து வண்டியின் உள்பக்கம் நோக்கி இரண்டு கைடு பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பின்கள் குழாய் மாதிரி உள்ளே வெற்றாக இருக்கும். அந்த வெற்றிடம் வழியாக நீளமான போல்ட் போய்க் கேரியரில் இறங்குகிறது.

காலிப்பர் வார்ப்பில் இதற்கு நேராக இரண்டு துளைகள் கடைந்திருப்பார்கள். துளைக்குள் அழுத்திப் பொருத்திய புஷ் (பின் மேல் வழுக்கும் உள்குழாய்), கேரியர் பக்க வாயை மூடும் மடிப்பு ரப்பர் பூட், மறுமுனையில் போல்ட் தலையை மறைக்கும் மூடி, நடுவில் கிரீஸ். இவை எல்லாம் சேர்ந்ததுதான் ஹவுசிங். பின் அசையாது. அதன் மேல் ஹவுசிங்தான் முன்னும் பின்னும் நகரும். புதிதாகப் படிப்பவர்கள் இதைத் தலைகீழாக நினைத்துக்கொள்வது வழக்கம். பின் நகர்கிறது என்று நினைத்தால் பின்னால் வரும் தேய்மானக் கணக்கு எதுவும் புரியாது.

இன்னொரு தவறான நினைப்பும் உண்டு: பிரேக் போடும்போது வண்டியை நிறுத்தும் விசை முழுதும் இந்தப் பின்களில் ஏறுகிறது என்பது. சுழலும் டிஸ்க் பேட்டை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். பேட் கேரியரின் தோளில் போய் முட்டும். சுமை அங்கிருந்து நேராக ஆக்சிலுக்குப் போய்விடும். பின்களும் ஹவுசிங்கும் தாங்குவது காலிப்பரின் எடையையும், சாலைக் குழிகளில் வரும் குலுக்கலையும் மட்டும்தான். காலிப்பர் நாற்பது கிலோவை ஒட்டிய கனம் என்பதால் அந்தக் குலுக்கலும் சாதாரணம் இல்லை.

ஒரு பின் நீளம், ஒரு பின் குட்டை

இரண்டு பின்களும் ஒரே மாதிரி இருக்காது. நீளமான பின் பித்தளை புஷ்ஷுக்குள் நெருக்கமாக ஓடும். காலிப்பர் எந்தக் கோட்டில் நகர வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. குட்டையான பின்னுக்கு வேலை ஒன்றுதான்: காலிப்பர் நீளப் பின்னைச் சுற்றிச் சுழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வது. அதற்கு ரப்பர் புஷ் போடுவார்கள், அல்லது ஒரு திசையில் மட்டும் இடம்விட்ட நீள்வட்டத் துளையுள்ள புஷ் போடுவார்கள்.

இரண்டையும் நெருக்கமாகச் செய்தால் இன்னும் கெட்டியாக இருக்குமே என்று தோன்றும். சூடு அதை விடாது. மலைப்பாதையில் இறங்கும்போது டிஸ்க் பல நூறு டிகிரிக்கு ஏறும். கேரியர் ஒரு அளவுக்கு விரியும், காலிப்பர் வேறொரு அளவுக்கு விரியும். கேரியரில் இரண்டு பின்களுக்கு நடுவில் உள்ள தூரமும், காலிப்பரில் இரண்டு துளைகளுக்கு நடுவில் உள்ள தூரமும் அப்போது ஒன்றாக இருக்காது. இரண்டு புஷ்ஷும் நெருக்கம் என்றால் பின்கள் துளைக்குள் இறுகிவிடும். குட்டைப் பின்னில் விட்டிருக்கும் இடம் இந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொள்கிறது. ஆகவே குட்டைப் பின் பக்கம் காலிப்பர் கொஞ்சம் ஆடினால் அதைத் தேய்மானம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. அந்த ஆட்டம் வைத்துச் செய்தது. இது தெரியாமல் லேத்தில் கொடுத்து "டைட் ஃபிட்" புஷ் கடைந்து போட்ட காலிப்பர்கள், பட்டறை வாசலில் குளிர்ந்த நிலையில் அருமையாக நகர்ந்து, ஒரு மலை இறங்கியதும் பிடித்துக்கொள்ளும்.

மொத்தம் எவ்வளவு தூரம் நகர்கிறது?

பேட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் உள்ள மொத்த இடைவெளி 0.6 முதல் 1.1 மி.மீ. வரை. ஆக ஒவ்வொரு மிதிப்புக்கும் ஹவுசிங் நகர்வது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால் பேட்டின் ஆயுள் முழுக்கப் பார்த்தால் கணக்கு வேறு. புது பேட்டின் மொத்தத் தடிமன் 30 மி.மீ. அதில் தகடு மட்டும் 9 மி.மீ. உராய்வுப் பகுதி 2 மி.மீ. ஆகும்போது மாற்றியாக வேண்டும். எனவே வெளிப்பக்கத்து பேட் தேய்வது 19 மி.மீ. டிஸ்க் புதிதில் 45 மி.மீ., குறைந்தபட்சம் 37 மி.மீ.; ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ. கூட்டினால் 23 மி.மீ. ஹவுசிங் பின் மேல் இவ்வளவு தூரத்தையும் மெல்ல மெல்லக் கடக்க வேண்டும்.

பல கோளாறுகளுக்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. பேட் தேயத் தேயக் காலிப்பர் கேரியரை விட்டு உள்பக்கமாக விலகிக்கொண்டே போகும். ஆகவே பேட் தீர்ந்த நிலையில் ரப்பர் பூட் நன்றாக நீண்டிருக்கும். அதற்குள் பின்னின் ஒரு பகுதி புஷ்ஷை விட்டு வெளியே நின்றிருக்கும். பூட்டில் ஒரு சின்னக் கிழிசல் இருந்தாலும் தண்ணீர் அந்தப் பகுதியில்தான் உட்காரும். மாதக்கணக்கில் ஒரு வளையமாகத் துரு ஏறும். அதுவரை வண்டியில் ஒரு புகாரும் இருக்காது, ஏனென்றால் புஷ் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. புது பேட் போடும் அன்று காலிப்பரை வெளிப்பக்கமாகத் தள்ளுவோம். புஷ் நேராகத் துரு வளையத்தின் மேல் ஏறி உட்காரும். "புது பேட் போட்ட மறுவாரம் வீல் சூடாகிறது" என்று வண்டி திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதிலிருந்தே ஒரு பழக்கம்: பழைய பேட்டைக் கழற்றும் முன், காலிப்பரைத் தள்ளும் முன், பூட்டைப் பாருங்கள். அப்போதுதான் அது நீண்டிருக்கும், மடிப்புகளுக்குள் இருக்கும் வெடிப்பு கண்ணில் படும். புது பேட் போட்டதும் பூட் சுருங்கி, வெடிப்பு மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும்.

எப்படிக் கெட்டுப்போகிறது?

பத்தில் பெரும்பங்கு தண்ணீர்தான். அது பூட் வழியாக வரும், அல்லது மறுமுனை மூடி வழியாக வரும். மூடியை யாரும் பார்ப்பதில்லை. அது உள்ளடங்கி, கண்ணில் படாமல் இருக்கும். வளைந்தோ துருப்பிடித்தோ ஓட்டையானால் உள்ளே போவது நேராகப் போல்ட் தலைக்கும் புஷ்ஷுக்கும்தான். உயரழுத்தத் தண்ணீர் பீய்ச்சி வண்டி கழுவும்போது பூட்டின் உதட்டைக் குறிவைத்து அடித்தால், கிழியாத பூட்டுக்குள்ளும் தண்ணீர் போகும். துறைமுக வேலைக்கு ஓடும் வண்டிகளில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும்.

புஷ்ஷுக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் துரு ஏறுவது தனி ரகம். துரு, தான் தின்ற இரும்பை விட அதிக இடம் பிடிக்கும். வெளியே வார்ப்பு விரியாது. ஆகவே புஷ்ஷை உள்ளே நெரிக்கும். பின் பளபளவென்று இருக்கும், கிரீஸும் இருக்கும், ஆனாலும் நகராது. பின்னைத் துடைத்து மறுபடி கிரீஸ் வைத்தால் இதற்குத் தீர்வு கிடைக்காது. புஷ்ஷை வெளியே எடுத்தால்தான் செம்மண் நிறத்தில் காரணம் தெரியும்.

அடுத்தது கிரீஸ். வீல் பேரிங் கிரீஸ் டப்பா கையருகே இருக்கிறது என்று அதை எடுத்துத் தடவுவது பரவலான பழக்கம். பெட்ரோலிய எண்ணெய் சார்ந்த கிரீஸ் பிரேக் ரப்பர்களை ஊதவைத்து மென்மையாக்கும். பூட் தன் பள்ளத்தை விட்டு வெளியே வரும், ரப்பர் புஷ் பின்னைக் கவ்வும். ரிப்பேர் கிட்டில் சின்னப் பாக்கெட்டாக வருவதுதான் இதற்கான கிரீஸ். அதிலும் அளவு உண்டு. நிறைய அடைத்தால் நல்லது என்று துளையை நிரப்பிவிட்டால், ஹவுசிங் பின் மேல் ஏறும்போது கிரீஸுக்கும் காற்றுக்கும் போக வழியில்லாமல் ஸ்பிரிங் போலத் திருப்பித் தள்ளும், அல்லது பூட்டையோ மூடியையோ பிதுக்கி வெளியேற்றும். கிட்டில் உள்ள பாக்கெட் சின்னதாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

தேய்மானம் இதற்கு நேரெதிர் வகை. புஷ் தேய்ந்து துளை நீள்வட்டமானால் காலிப்பர் நன்றாகவே நகரும், ஆனால் தலை சாய்ந்து நிற்கும். மேடுபள்ளத்தில் லொடலொட சத்தம் வரும்.

பேட்டைப் பார்த்துப் படிப்பது

உள்பக்கம் மட்டும் தீர்ந்து வெளிப்பக்கம் மிச்சம் என்றால் காலிப்பர் நகரவில்லை. இரண்டு பின்னும், அல்லது நீளப் பின், ஜாம் என்று சந்தேகப்படலாம். வெளிப்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தால், காலிப்பர் உள்பக்கம் வந்து அங்கேயே நின்றுவிட்டது. பிரேக்கை விட்டும் வெளி பேட் உரசிக்கொண்டே ஓடியிருக்கிறது. ஒரு பேட்டின் நீளவாக்கில் ஒரு முனை தடிப்பாகவும் மறுமுனை மெலிந்தும் ஆப்பு போல இருந்தால், ஒரு பின் ஓடுகிறது, மற்றது ஓடவில்லை, காலிப்பர் கோணலாக நகர்கிறது. மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் நடுவில் சாய்வு என்றால் புஷ்ஷில் பிளே, அதாவது தேய்ந்ததால் வந்த ஆட்டம். இவை நிச்சயமான தீர்ப்பு அல்ல, எங்கே தேடத் தொடங்குவது என்பதற்கான துப்பு. கேரியர் தோளில் துரு ஏறி பேட்டே சிக்கிக்கொண்டாலும் இதே மாதிரித் தேயும். அதனால் பேட் தன் இடத்தில் கையால் நகர்கிறதா என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

சோதிக்கும் முறை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்க வேண்டும். கட்டை கொடுக்காமல் இதைச் செய்யவே கூடாது. பிரேக் ஆறியிருக்க வேண்டும். காலிப்பரைக் கையால் பிடித்து ஆக்சில் திசையில் உள்ளும் வெளியும் தள்ளி இழுத்துப் பாருங்கள். 0.6 முதல் 1.1 மி.மீ. ஆட்டம் தெரிந்தால் சரி. துளியும் அசையவில்லை என்றால் ஒன்று பின் ஜாம், அல்லது பேட் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் அளவுக்கு மேல் இறுக்கிவிட்டது. இரண்டையும் பிரித்தறிய வீலைக் கழற்றி, அட்ஜஸ்டரைப் பின்னுக்குத் திருப்பி, பேட்களை எடுத்துவிட வேண்டும். அட்ஜஸ்டர் முனையில் உள்ள அடாப்டர் அதிக விசை வந்தால் உடைந்துபோவதற்கென்றே செய்தது. அதில் ரிங் ஸ்பேனர் மட்டும்தான், இம்பாக்ட் கன் ஆகாது.

பேட்கள் இல்லாத நிலையில் காலிப்பர் முழுத் தூரமும், அதாவது 25 மி.மீ. அளவுக்கு, கைவிசையிலேயே நகர வேண்டும். கடப்பாரை போட்டு நெம்பினால்தான் நகரும் என்றால் அது ஜாம். பாதித் தூரம் ஓடி ஓரிடத்தில் பிடித்தால் மேலே சொன்ன துரு வளையம். விரலைக் காலிப்பருக்கும் கேரியருக்கும் நடுவில் வைக்காதீர்கள். நாற்பது கிலோ திடீரென்று வழுக்கி வந்தால் விரல் தப்பாது.

பிளேயை அளக்க டயல் கேஜ் வேண்டும். காந்த ஸ்டாண்டைக் கேரியரில் ஒட்டி, முள்முனையைக் காலிப்பரில் வைத்து, பின்னுக்குக் குறுக்கான திசையில் காலிப்பரை நெம்பி இரண்டு எல்லைகளின் வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். அனுமதிக்கும் அளவு புஷ் வகையைப் பொறுத்து மாறும்; பித்தளைக்கு ஓர் எல்லை, ரப்பருக்கு அதைவிடத் தாராளமான எல்லை. எந்தப் பின்னில் எந்த புஷ் என்று தெரிந்துகொண்டு, அந்த மாடலின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். கையால் ஆட்டிப் பார்த்து "போதும், ஓடும்" என்று சொல்வது குட்டைப் பின் விஷயத்தில் இரண்டு பக்கமும் ஏமாற்றும்.

புஷ் மாற்றும்போது

மூடியை எடுத்தால் அது வளைந்துவிடும், திரும்பப் போடுவதற்கில்லை. போல்ட்களைக் கழற்றும் முன் காலிப்பரைச் சங்கிலியிலோ ஜாக்கியிலோ தாங்கிக்கொள்ள வேண்டும், ஏர் ஹோசில் தொங்கவிடக் கூடாது. பழைய புஷ்ஷைப் புல்லர் போட்டு நேராக இழுக்க வேண்டும். உளி வைத்துக் கிழித்து எடுப்பது வேகமான வழிதான், ஆனால் துளைச் சுவரில் விழும் ஒவ்வொரு கீறலும் அடுத்த துருவுக்குப் போட்ட வாய்க்கால்.

துளையைக் கம்பி பிரஷ்ஷால் துரு போகத் துலக்கித் துடைத்துப் பாருங்கள். மேற்பரப்பு சீராக இருந்தால் புது புஷ் போடலாம். அரித்துக் குழி விழுந்திருந்தாலோ துளை வட்டம் கெட்டிருந்தாலோ காலிப்பரைத்தான் மாற்ற வேண்டும். துளையைப் பெரிதாகக் கடைந்து ஸ்லீவ் போட்டுத் தருகிறேன் என்று சொல்லும் லேத் பட்டறை எல்லா ஊரிலும் இருக்கும். இரண்டு துளைகளின் மையக்கோடும் இணையாக நிற்க வேண்டும். அதை அளந்து சரிபார்க்க வசதி இல்லாத இடத்தில் அந்த வேலையை விடுவது நல்லதில்லை.

புது புஷ்ஷை அதற்கான கருவியால் சொன்ன ஆழத்துக்கு அழுத்த வேண்டும். சில மாடல்களில் புஷ் பின்னர் நகராதபடி அதே கருவியால் உள்ளே ஒரு இடத்தில் அழுத்திப் பூட்டுவார்கள். அதை விட்டுவிட்டால் புஷ் பின்னோடு ஒட்டி நின்று, துளைக்குள் இடம் மாறிவிடும். கிட்டில் உள்ள கிரீஸைப் புஷ்ஷின் உள்சுவரில் மெல்லியதாகப் பூசுங்கள். பூட்டின் வளையம் துளை வாயில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா என்று விரலால் சுற்றித் தடவிப் பாருங்கள். மறு உதடு பின்னின் பள்ளத்தில் விழ வேண்டும். பூட் முறுக்கிக்கொண்டு நின்றால் சில வாரத்தில் கிழியும்.

பின் போல்ட்கள் எப்போதும் புதியவை. இவற்றை டார்க் (முறுக்கு விசை) அளவை மட்டும் வைத்து இறுக்குவதில்லை: முதலில் 180 நியூட்டன் மீட்டர், அதன் பிறகு மேலும் 90 டிகிரி திருப்பு. அந்தக் கடைசித் திருப்பில் போல்ட் இழுபட்டு நீளும். ஏற்கெனவே ஒருமுறை நீண்ட போல்ட்டை இரண்டாம் முறை போடக் கூடாது என்பது அதனால்தான். கேரியரின் மரையில் பழைய லாக்டைட் (மரை ஒட்டும் பசை), மண், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது.

பேட் போடும் முன் ஒருமுறை காலிப்பரை முழுத் தூரமும் கையால் ஓட்டிப் பார்த்துவிட்டு, பிறகு மூடியை அடியுங்கள். ஜாம் என்று தெரிந்தால் திரும்பப் பிரிக்க மூடி இல்லாத நிலைதான் சுலபம். டிஸ்க்கையும் இப்போதே அளந்துவிடுங்கள், 39 மி.மீ. அல்லது அதற்குக் கீழே இருந்தால் புது பேட்டோடு சேர்த்து டிஸ்க்கையும் மாற்றுவது நல்லது, இல்லையென்றால் பேட் தீரும் முன்னே 37-ஐத் தொட்டுவிடும். பேட்களை எப்போதும் ஒரு ஆக்சிலின் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

கடைசியாக, நின்ற நிலையில் பிரேக்கை சில முறை மிதித்து விட்டு, காலிப்பரின் ஆட்டத்தை மறுபடி பாருங்கள். பிறகு வண்டியை ஓட்டிவிட்டு வந்து, அகச்சிவப்புத் தெர்மாமீட்டரால் அதே ஆக்சிலின் இடது, வலது டிஸ்க்குகளின் சூட்டை ஒப்பிடுங்கள். ஹவுசிங் இரண்டும் நன்றாக ஓடியும் ஒரு பக்கம் தெளிவாக அதிகச் சூடு காட்டினால், அடுத்துப் பார்க்க வேண்டியவை அட்ஜஸ்டரும், பேட் உட்காரும் கேரியர் தோளும், காற்றை முழுதாக வெளியேற்றாத சேம்பரும்.